பாட்டு இல்லாத குரல்பதிவு

வெள்ளிக்கிழமை மாலை நாலு நாற்பது. வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, உள்ளறை வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த பச்சைப் படுக்கைவிரிப்பு. கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. என் நண்பன் மௌத்தாகிப் பதினேழு நாள். அவன் மனைவி, கணவன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா இருந்தார். வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். அவருடைய தம்பி ஒரு கதிரையை விரிப்புக்கு நேரே இழுத்துப் போட்டான்.

"ராத்தா உங்களோட கதைக்கோணுமாம் காக்கா."

முன்னறையில் அவன் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர்கள் இரண்டையும் காணவில்லை. அவை நின்ற இடத்தில் சுவரின் நிறம் மட்டும் புதிதாக இருந்தது.

நாங்கள் மூன்று பேர். மௌத்தான நண்பன் கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தான். இன்னொருவர் பாண்டிருப்பில் கணித வாத்தியார், சைவர். வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகை முடிய, கடற்கரை வீதித் தேநீர்க் கடையில் கூடுவோம். கேள்வி ஒன்றுதான்: இந்தக் கிழமை என்ன ஓடுது? ஆளாளுக்கு அந்த வாரம் கேட்கிற றொக் ஆல்பத்தைச் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் அடுத்த வெள்ளிக்குள் அதை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, ஒன்றையும் தாண்டாமல் கேட்க வேண்டும். ஆல்பங்களைத் தேடி எடுத்து எங்கள் கைப்பேசிகளில் ஏற்றித் தருவது அவன் வேலை. வியாழன் மாலை குரல்பதிவு வரும். ஆல்பத்தை ஓடவிட்டு, அதற்கு மேலே கிரிக்கெட் வர்ணனை மாதிரிப் பேசுவான். "இப்ப ட்ரம்ஸ் நிக்கும் பாருங்க. நிண்டுட்டா? இனி கிற்றார் தனிய வரும். மூச்சு விடாதீங்க."

வாத்தியாருக்கு இரைச்சல் கூடிய இசைதான் பிடிக்கும்.

"இது பாட்டா மச்சான், வெட்டு மெசினா?" என்று அவன் கேட்பான்.

"வெட்டு மெசின் வயலோட நிண்டிரும். இது உன்ட மண்டைக்குள்ள இறங்கும்."

கடைசி வெள்ளியன்று ஒரு ஆல்பம் தந்தான். "இதைக் கேட்டுட்டு ஒரு நாளைக்கு ஒருத்தரோடயும் கதைக்காதீங்க" என்றான். செவ்வாய்க்கிழமை காலை, கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோது விழுந்தான். மாரடைப்பு. அந்த ஆல்பத்தை நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.

விரிப்புக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி பேசினார்.

"காக்கா, அவர் தந்த பாட்டெல்லாம் உங்களிட்ட இரிக்கா?"

"ஓம்."

"அழிச்சிருங்க காக்கா. நீங்க கேக்கிற ஒவ்வொரு தரமும் அவருக்குக் கபுறுல பாவம் எழுதப்படுமாம். பள்ளிப் பயானில சொன்னாங்க. பாண்டிருப்பு சேருக்கும் சொல்லுங்க. எனக்கு நித்திரை இல்ல."

எனக்கு மார்க்க அறிவு குறைவு. நான் விவாதிக்கவில்லை. அங்கேயே கைப்பேசியை எடுத்து அழித்தேன். கேட்காத ஆல்பமும் போனது. "முடிஞ்சி" என்றேன்.

பிறகு கேட்டார்: "அவர்ட குரல் இரிக்கா?"

"உங்களிட்ட இல்லையா?"

"ஒரே வீட்டில இருந்த ஆக்கள். எனக்கு எதுக்கு அவர் வொய்ஸ் அனுப்புற?"

நான் ஒரு பதிவை ஓடவிட்டுக் கைப்பேசியை விரிப்புக்கு அருகே நீட்டினேன். அவன் குரலும் கிற்றாரும் ஒன்றாக வந்தன. விரிப்பின் ஓரத்தை உள்ளிருந்து விரல்கள் பிடித்தன.

"நிப்பாட்டுங்க" என்றார். மறுகணம், "பாட்டு இல்லாத ஒண்டு இல்லையா காக்கா?"

தேடித் தருகிறேன் என்று எழுந்தேன்.

வாத்தியார் தேநீர்க் கடையில் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"எங்கட சமயத்தில இப்படி ஒண்டும் இல்ல மச்சான்."

"தெரியும்."

"அவன் தந்தது ஆறு வருசத்துப் பாட்டு."

"அதுவும் தெரியும்."

பிறகு கைப்பேசியை என் பக்கம் திருப்பி, நான் பார்க்கத்தக்கதாக ஒவ்வொன்றாக அழித்தார். "கேட்டது அவன்ட மனிசி. வேற ஆர் கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டன்."

எஞ்சியது குரல்பதிவுகள். எதில் பாட்டு இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. கேட்டுத்தான் தேட வேண்டும். இருவரும் இரண்டு கைப்பேசிகளைக் காதில் வைத்துக்கொண்டு, ஆறு வருட வியாழக்கிழமைகளைப் பின்னாலிருந்து முன்னால், சில செக்கன் சில செக்கனாகக் கேட்டுக்கொண்டு வந்தோம். எல்லாவற்றிலும் ட்ரம்ஸ், எல்லாவற்றிலும் கிற்றார். ஒரு பதிவில் அவன் தானும் சேர்ந்து பாடி, சுருதி விட்டுச் சிரித்தான். வாத்தியார் அதை மட்டும் இரண்டாம் முறை போட்டார்.

"இது கேட்கிறதில சேருமா?" என்றார்.

நான் அடுத்த பதிவைத் தட்டினேன்.

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் ஒன்று அகப்பட்டது. நாங்கள் பிந்திவிட்ட ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை இந்தக் கடையிலிருந்து அனுப்பியது. "டீக்குச் சொல்லிட்டன். வாங்கடா, ஆறப் போகுது." பின்னணியில் யாரோ கோப்பை கழுவுகிற சத்தம், கொஞ்சம் அலைச் சத்தம். வேறெதுவும் இல்லை.

அதை அவன் மனைவியின் தம்பிக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. இதைவிட நீளமானது இருக்கிறதா என்று ராத்தா கேட்கிறாவாம்.

இல்லை என்று எழுதினேன். அந்தப் பதிவு ஆறு செக்கன்.