சபூறாவின் ஒன்றரைக் காத்தாடி

எனக்கு வாய் கூட. சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கைக்கே அது தெரியும். பக்கத்து வளவுச் சபூறாவுக்கோ வாயே இல்லை. மீன்காரன் நேற்றைய மீனைத் தராசில் போட்டாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்க் கழுவுகிற ஆள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அவனோடு சண்டை பிடிப்பது நான்தான். "ரெண்டு பேருக்குமான வாயையும் அல்லாஹ் பரீனாவுக்கே குடுத்திட்டான்" என்று அவள் புருஷன் மசூர் காக்கா சொல்லிச் சிரிப்பார்.

அந்த மனிதர் சிரித்துக் கேட்ட நாட்கள் கொஞ்சம்தான். கலியாணம் முடித்த கையோடு சவூதிக்குப் போனவர். அங்கே ஒரு அறபியின் தோட்டத்தில் வேலை. புல் வெட்டுவது, தண்ணீர் ஊற்றுவது, மரங்களுக்கு விளக்குப் பூட்டுவது. எப்போதாவது லீவில் வருவார். கொண்டுவந்த பெட்டியின் அத்தர் வாசம் வீட்டை விட்டுப் போகுமுன் திரும்பிவிடுவார். இருபது வருஷம் இப்படியே ஓடியது. பிள்ளை குட்டி இல்லை. ஊர் அவளைத்தான் குறை சொன்னது. "மனுசன் ஊட்டுல இரிந்தாத்தானே புள்ள வரும்" என்று நான் ஒருநாள் ஒழுங்கையில் நின்றே சத்தம் போட்டேன். சபூறாவோ கொடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போன வருஷம் மசூர் காக்கா ஒரேயடியாக வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக முன் வளவைத் துப்புரவாக்கினார். எங்கள் பக்கம் கடல் மண். பட்டிப்பூவையும் கற்றாழையையும் தவிர வேறொன்றும் இலேசில் பிடிக்காது. அதனால்தானோ என்னவோ, பெட்டியிலிருந்து ஆறு இரும்புப் பூக்களை எடுத்தார். சோலர் காத்தாடி. நீளக் கம்பின் நுனியில் தகட்டு இதழ்கள், நடுவில் கண்ணாடி உருண்டை, அதற்குக் கீழே சின்னதாக ஒரு சோலர் தகடு. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்திருந்து, மஃரிபுக்குப் பாங்கு சொல்கிற நேரம் தானாகப் பற்றிக்கொள்ளும். கடல் காற்றுக்கு இதழ்கள் சுற்றச் சுற்றப் பச்சையும் சிவப்பும் நீலமுமாக மண்ணெல்லாம் வெளிச்சம் ஓடும்.

"அறபிட தோட்டத்துல இப்பிடி எத்தின நட்டிரிக்கன் தெரியுமா பரீனா? ஒண்டையும் என்ட பொஞ்சாதி கண்டதில்ல" என்றார்.

கேற்றிலிருந்து விறாந்தை வரைக்கும் ஐந்தை வரிசையாக நட்டார். ஆறாவதைக் கையில் பிடித்துக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பி, "சபூறா, இது உன்ட விருப்பத்துக்கு. எங்க நடுற, சொல்லு" என்று கூப்பிட்டார்.

அவள் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். "அஸர் தொழுதிட்டு வாங்க, சொல்றன்" என்றாள். வேலியோரத்தில் நின்ற என் காதில் விழுந்தது.

காத்தாடியைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு மனிதர் பள்ளிக்குப் போனார். சுஜூதில் குனிந்தவர் நிமிரவில்லை. பள்ளியிலிருந்து மையத்தாகத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் "நல்ல மௌத்து, ஆருக்குக் கிடைக்கும்" என்றார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நல்ல மௌத்துதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் இருபது வருஷம் காத்துக் கிடந்தவளுக்கு முழுசாக ஒரு மாதம் கூடக் கிடைக்கவில்லையே, அதை யாரும் சொல்லவில்லை.

சபூறா வெள்ளைச் சேலை கட்டி இத்தாவில் இருந்தாள். நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்ட முடியாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படவும் கூடாது. அவளுடைய அறை ஜன்னல் வீட்டின் பக்கவாட்டில் இருக்கிறது. திறந்தால் என் வேலியும் மதிலும்தான் தெரியும், முன் வளவு தெரியாது. அதனால் ஒவ்வொரு நாளும் மஃரிபு தொழுததும் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, "ராத்தா, சுத்துதா?" என்று என்னிடம் கேட்பாள்.

"ஓம் புள்ள, நல்லாச் சுத்துது" என்பேன்.

உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. தேங்காய் எண்ணெய்த் துணியால் நான்தான் துடைத்து விடுவேன். வேறு எதையும் அவள் என்னிடம் கேட்கவில்லை. சோறு கூட வேண்டாம் என்பாள். அந்தக் காத்தாடிகள் சுற்றினால் போதும், அவர் நட்டது நட்டபடி நின்றால் போதும் என்று இருந்தாள். ஆறாவதைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் கலியாணம் வந்தது. எங்கள் ஊரில் கலர் லைட் பூட்டிய வளவு என்றால் அது கலியாண வீடு. யாரும் முகவரி விசாரிக்க மாட்டார்கள், வெளிச்சத்தைப் பார்த்து நுழைவார்கள். அன்றைக்கென்று மஃரிபு நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கலியாண வீடு கும்மிருட்டு. ஒழுங்கை முழுக்க வெளிச்சமாக நின்றது சபூறாவின் வளவு மட்டும்தான்.

பாலமுனையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். இறங்கினார்கள், காத்தாடிகளைப் பார்த்தார்கள், "மாஷா அல்லாஹ், வடிவாச் சோடிச்சிரிக்காங்க" என்று சொல்லிக்கொண்டு நேரே நுழைந்துவிட்டார்கள். ஆம்பிளைகள் விறாந்தைக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். ஒரு பெரியவர் பரிசுப் பெட்டியோடு உள்ளுக்கே போய், "மாப்பிள்ள வந்திட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். அங்கே தொழுகைப் பாயில் வெள்ளைச் சேலையோடு சபூறா.

அந்தப் பெரியவர் தலையில் கைவைத்தபடி வெளியே ஓடிவந்ததை நான் கண்ணால் கண்டேன். பாவம், அவரைக் குறை சொல்லி என்ன? ஆனால் ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. விடிந்தபோது ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் இதே கதை.

காலையிலேயே ஜவுபர் ஒரு சாக்கோடு வந்து நின்றான். மசூர் காக்காவின் தம்பி. கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். காக்காவின் மையத்தைக் குளிப்பாட்டியவனும் அவன்தான். வாசல் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சபூறா நிற்பதை அறிந்து சொன்னான்:

"மதினி, கோவிக்காதீங்க. இத்தா ஊட்டுல கலர் லைட் சுத்துதெண்டு கல்முனச் சந்தை வரைக்கும் சிரிக்கிறானுகள். எனக்குத் தல காட்ட ஏலாம இரிக்கி. இதுகளப் புடுங்கப் போறன்."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கேற்றைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"தொடுங்க பாப்பம்! இத்தா பொம்புளைக்கா, மண்ணுக்கா? ஊடும் வளவும் சபூறாட சீதனம். உங்கட காக்காவே இஞ்ச வந்து குடியிரிந்த ஆள். உங்களுக்கு இந்த வளவுல என்ன வேல?"

"வளவு மதினிடதான், நான் இல்லெண்டு சொல்லல்ல" என்றான் ஜவுபர். "சாமான் என்ட காக்காட. புள்ளகுட்டி இல்லாத மனுசன். மதினிக்குக் கால் பங்கு, மிச்சம் முக்காலும் எனக்கு. மௌலவிட்டக் கேட்டுட்டுத்தான் வாறன்."

வாழ்க்கையில் முதல்தடவை என் வாய் அடைத்துப்போனது. மார்க்கத்தில் உள்ளதைத்தான் சொல்கிறான். அவன் குனிந்து விறாந்தையடிக் காத்தாடியை முதலில் பிடுங்கினான். காற்றுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, மண்ணை விட்டு வந்த பிறகும் அவன் கையிலேயே கொஞ்ச நேரம் சுற்றியது.

"மச்சான், ஆறு."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சபூறாவின் குரல்.

"என்ன மதினி?"

"அஞ்சில்ல, ஆறு. ஒண்டு என்ட கட்டிலுக்குக் கீழ இரிக்கி. ராத்தா, அத எடுத்துக் காட்டுங்க. மறச்சா எனக்குத்தான் ஹறாம்."

அடி பைத்தியக்காரி, உன்னிடம் யார் கேட்டது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே உள்ளே போனேன். அவர் உடுத்திய பழைய சாரனில் சுற்றி வைத்திருந்தாள். கொண்டுவந்து விறாந்தையில் வைத்தேன்.

"இப்ப பிரிங்க மச்சான்" என்றாள் சபூறா. "ஆறுல கால் பங்கு ஒண்டர. அது என்ட. நாலர உங்கட. எடுங்க, நான் ஒண்டும் சொல்லமாட்டன். அந்த அரைய மட்டும் எப்பிடி வெட்டுவீங்க, சொல்லுங்க. கம்பு எனக்கும் பூ உங்களுக்குமா?"

அவள் இவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டதே இல்லை. ஜவுபர் சாக்கைக் கையில் பிடித்தபடி நின்றான். பிறகு விறாந்தைப் படியில் உட்கார்ந்தான். அந்தச் சாரனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அது அவனுக்கும் தெரிந்த சாரன்தான்.

"அரைய நான் ஹலாலாக்கிட்டன் மதினி" என்றான் கடைசியில். "அது உங்களுக்கே இரிக்கட்டும். வளவுல நிக்கிறதுட சுவிச்ச மட்டும் இத்தா முடியுமட்டும் நிப்பாட்டி வைங்க."

நாலைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போனான். கேற்றடியில் ஒன்று மட்டும் நின்றது. பிடுங்கிய இடங்களில் இருந்த குழிகளை நான் காலால் தூர்த்துவிட்டேன். அன்று மாலையும் ஜன்னலுக்கு வந்தாள். "சுத்துதா?" என்றாள். "சுத்துது புள்ள, வெளிச்சம்தான் இல்ல" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இதற்குள் நோன்புப் பெருநாளும் வந்தது. பெருநாள் அன்று ஜவுபரின் வீட்டு வழியாகப் போனேன். பார்த்தால், நாலு காத்தாடியும் அவன் வாசலில் ஜாம் ஜாம் என்று சுற்றுகின்றன! எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. இவளுடைய வாசலில் வெட்கக்கேடு, அவனுடைய வாசலில் அலங்காரமா? செருப்பைக் கூடக் கழற்றாமல் நேரே சபூறாவின் ஜன்னலுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "சுத்தட்டும் ராத்தா" என்றாள். "அவருக்கும் காக்காதானே மௌத்தானது."

நான் அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன்.

இத்தா முடிந்த நாள் சொந்தக்காரப் பெண்கள் வந்து குளிக்க வார்த்து, புதுச்சேலை உடுத்தி, சாப்பாடு ஆக்கிவிட்டுப் போனார்கள். யாருடைய வீட்டுக்கு முதலில் போகப் போகிறாள் என்று ஆளுக்கொரு கதை கதைத்தார்கள். எல்லோரும் போன பிறகு சபூறா அந்தச் சாரன் பொட்டலத்தோடு வெளியே வந்தாள். வெயிலுக்குக் கண் கூசியது போல, கொஞ்ச நேரம் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். கேற்றடிக் காத்தாடியை இதழ் இதழாகத் தொட்டுப் பார்த்து, சுவிச்சைப் போட்டாள். பிறகு முன் வளவில் நிற்காமல் சுற்றிக்கொண்டு தன் ஜன்னலுக்குக் கீழே வந்தாள்.

"இஞ்சயா நடப்போற? மதில் மறைக்குது, காத்து ஒரு துளியும் வராதே புள்ள" என்றேன் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து.

"காத்து வராட்டிப் பறவாயில்ல ராத்தா. வெயில் வரும். படுத்துக் கிடந்தா வெளிச்சம் தெரியும்."

கையாலேயே மண்ணைத் தோண்டினாள். நானும் போய்ப் பக்கத்தில் குந்தினேன். பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்னது. அது முடியும்வரை கம்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். தொழுகைக்குப் போகிறவர்களின் செருப்புச் சத்தம் ஒழுங்கையில் கேட்டது. எல்லாம் அடங்கியதும் தலையை நிமிர்த்தி, குசினியிலிருந்து முற்றத்துக்குச் சொல்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்:

"இஞ்ச நடுங்க."

என்னிடம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கம்பை நான் நேராகப் பிடித்துக்கொண்டேன். அவள் இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டாள்.