மஞ்சள் பூசிய தடையாணை

போன மார்ச்சில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் ஒரு பள்ளிக்கூடப் பெண் உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்குப் போகிறவள். ஹால் டிக்கெட்டின் நான்கு முனையிலும் மஞ்சள் தடவியிருந்தது, இன்னும் ஈரம் காயவில்லை. மடியில் விரித்த புத்தகத்தில் மூன்று வட்டங்கள்: சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறிகள். "ஒன்றையொன்று கட்டுப்படுத்தும்" என்று கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள். குருபரப்பள்ளியில் இறங்கிவிட்டாள். மஞ்சள் வாசனை மட்டும் சூளகிரி வரை என்னோடு வந்தது.

அந்தப் பாடம் வருவதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அம்புக்குறிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இதே சாலையில் தெரிந்துகொண்டதுதான். அவற்றில் ஒன்றை நானே சட்டைப்பையில் வைத்து இதே வழியில் கொண்டுபோயிருக்கிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கிளம்பி, சேலத்தில் ஓட்டலில் மாவாட்டி, கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தயாரிக்கும் இடத்தில் கொட்டை அள்ளி, ஓசூரில் ஒரு பட்டறைக்கு வந்து சேர்ந்திருந்தேன். மாங்கூழ் வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இது முடியாது. அதற்குப் பிறகு பல வருஷம் நான் மாம்பழமே தொடவில்லை என்பது மட்டும் போதும். ஓசூரில் ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் நாற்பது வீடுகள். மண்சுவர், தகரக் கூரை. ரத்னம்மா வீட்டையொட்டி இறக்கிய சாய்ப்பில் நான் இருந்தேன். ரத்னம்மா குவாரியில் ஜல்லி உடைப்பவர். புருஷனோடு தெலுங்கு பேசுவார், மாமியாரோடு கன்னடம், சண்டைக்குத் தமிழ். என்னிடம் எப்போதும் தமிழில்தான் பேசினார்.

ஒருநாள் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டினார்கள். அரசாங்க நிலமாம், ஏழு நாளில் இடிப்பார்களாம். காலனிக்காரர்கள் கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீலைப் பிடித்து வழக்குப் போட்டார்கள். எனக்கு அப்போது பட்டறையில் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் விரல் நசுங்கிக் கட்டுப் போட்டிருந்தது, வேலை இல்லை. அதனால் தினமும் கோர்ட்டுக்கு அலைய என்னைத்தான் அனுப்பினார்கள்.

ஆறாம் நாள் சாயங்காலம் தடை உத்தரவு கிடைத்தது. வக்கீல் குமாஸ்தா அதை என் கையில் கொடுத்து, கீழ்மூலையில் இருந்த சீலைத் தொட்டுக் காட்டினார். "இதாம்பா உசிரு. பத்திரம்." ஓசூர் வரும்வரை சட்டைப்பையை விட்டுக் கையை எடுக்கவில்லை.

காலனியில் யாரும் அதைப் படிக்கவில்லை. இங்கிலீஷில் இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொன்று, ரத்னம்மா அதை வாங்கிய வேகத்தில் மாரியம்மன் கல்லின் முன்னால் வைத்துவிட்டார். கல்யாணப் பத்திரிகையோ புது நோட்டோ, எந்த நல்ல காகிதமும் முதலில் அங்கே போய்த்தான் வீட்டுக்கு வரும். நான்கு முனையிலும் மஞ்சளைக் குழைத்துத் தாராளமாகப் பூசினார். சீல் இருந்ததும் ஒரு முனையில்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன்.

காலையில் தாசில்தார் ஜீப்பில் வந்தார். பின்னால் ஒரு வேன் நிறையப் போலீஸ், அதற்குப் பின்னால் புல்டோசர். ரத்னம்மா காகிதத்தை நீட்டினார். தாசில்தார் விரல் நுனியால் வாங்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது? கோர்ட் ஆர்டரா, மஞ்சநீர் பத்திரிகையா? சீல் எங்க?"

"அடியில இருக்குது சாரு. ஆத்தா மேல சத்தியமா இருக்குது."

"ஆத்தா சீலு எனக்கு எதுக்கு? கோர்ட்டு சீலைக் காட்டு."

ஒரு போலீஸ்காரர் சிரித்தார். ரத்னம்மா முந்தானையால் துடைக்கப்போனார். துடைத்தால் மையும் சேர்ந்து போய்விடும் என்று நான் கத்தினேன். புல்டோசர்க்காரன் இஞ்சினை அணைக்காமல் முதல் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வீடு ரத்னம்மாவுடையது.

தாசில்தார் காகிதத்தைத் திருப்பினார். மை பின்பக்கம் ஊறியிருந்தது. வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, வட்டத்துக்குள் இடவலம் மாறித் தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். மஞ்சளைக் காரணம் காட்டி இடித்துத் தள்ளியிருக்கலாம். கேட்பதற்கு அங்கே யாருமில்லை. அவர் மடித்துக் கொடுத்துவிட்டு, "வண்டியைத் திருப்பச் சொல்லு" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சார், ஜட்ஜுகிட்ட போலீஸ் இருக்கா?"

"ஏம்பா, கம்முனு கெட" என்று ரத்னம்மா என் நசுங்கிய விரல் இருந்த கையையே பிடித்து இழுத்தார்.

தாசில்தாருக்குக் கோபம் வரவில்லை. "இல்லப்பா. போலீஸ் எங்ககூடத்தான் இருக்குது. அவருகிட்ட ஒரு பேனா."

"அப்புறம் ஏன் சார் நின்னீங்க?"

"போன வருஷம் என்னை அநியாயமாத் தூக்கியடிச்சாங்க. நானும் கோர்ட்டுக்குத்தான் போனேன். அன்னைக்கு என் பேப்பரை மேல இருக்கிறவங்க மதிச்சாங்க, இல்லையா?"

சர்க்காரே சர்க்காரின் கையைப் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சரி, ஜட்ஜ்தான் எல்லாருக்கும் பெரியவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் தப்பு. சில மாதம் கழித்து அதே கோர்ட்டில், நீர்வழியில் வீடு கட்ட யாருக்கும் உரிமையில்லை என்று தீர்ப்பு வந்தது. "சட்டம் அப்படி இருக்கு. அதை நான் எழுதலை" என்றார் ஜட்ஜ். காலி செய்யத் தை மாதம் வரை அவகாசம் கொடுத்தார்.

எழுதுகிறவர்களைத் தேடி எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனோம். அவர் ஜட்ஜைக் கைகாட்டினார், தாசில்தாரைக் கைகாட்டினார். ரத்னம்மா நடுவில் புகுந்தார்.

"ஓட்டுக் கேக்க வந்தப்போ எந்த ஊட்டுல மோர் குடிச்சீங்க சாரு? அந்த ஊட்டைத்தான் இடிக்கப் போறாங்கோ. அடுத்த தடவை எங்க வந்து குடிப்பீங்க?"

எம்.எல்.ஏ.வுக்குப் புரையேறியது. அடுத்த கூட்டத்தில் அவர் சட்டசபையில் கேள்வி கேட்டார். மந்திரி எழுந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. தைக்கு முன்னால், நாலு மைல் தள்ளி ஒரு மேட்டில் வீட்டுமனை கொடுத்தார்கள். ரேஷன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும். எனக்குக் கார்டு இல்லை. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கார்டு வாங்கும்வரை நான் எந்த ஊரில் இருந்திருக்கிறேன்?

புல்டோசர் வருவதற்கு முன்பே அவர்களே தகரத்தைப் பிரித்து, நிலைக்கதவுகளைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். ரத்னம்மா என் சாய்ப்பின் தகரத்தைக் கடைசியாகப் பிரித்தார். "மேட்டுக்கு வாப்பா, ஒரு மூலையில சாய்ப்பு எறக்கித் தர்றேன்" என்றார். நான் பெங்களூர் பக்கம் போய்விட்டேன்.

போன மார்ச்சில் அந்தப் பஸ்ஸிலிருந்து ஓசூரில் இறங்கி அந்த இடத்துக்கு நடந்தேன். நாற்பது வீடுகளும் இல்லை, அம்மன் கல்லும் இல்லை. தண்ணீர் போகட்டும் என்று நாங்கள் விலகிய இடத்தில், கரையிலிருந்து கரை வரை, ஒரு பெரிய கிடங்கு நிற்கிறது. வாசலில் இருந்த காவலாளியிடம் ஓடை எங்கே என்று கேட்டேன்.

"எந்த ஓடைங்க?" என்றார்.