"வெளியேறினார்" என்று வந்த வரி

எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் போனில் ஒரே குரூப்பில் இருக்கிறோம். விடிந்ததும் ரோஜாப்பூப் படங்கள், பிறகு மணமேல்குடியில் மழையா என்று விசாரிப்பு, நடுவில் யார் வீட்டிலாவது சாவு, கேதம். சென்னையில் வேலை பார்க்கும் என் மகளுக்கு அலுத்துப்போனது. "பூவாக் கொட்டி போனே நெறஞ்சு போச்சும்மா" என்று சொல்லிவிட்டு குரூப்பை விட்டு விலகினாள். புதிதாக வந்த ஓர் ஆப்பில் வேறு குரூப் ஆரம்பித்து எல்லோரையும் கூப்பிட்டாள். போய்ச் சேர்ந்தது நானும் மருமகனும்தான்.

பிறகு பேத்திக்குக் காதுகுத்து வந்தது. மகளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. என் அக்கா மகன்தான் தாய்மாமன். அவன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். நானும் மகளும் தட்டில் பழம், வெற்றிலை, பத்திரிகை வைத்துக்கொண்டு மணமேல்குடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா காபி கொடுத்தாள். தட்டைத் தொடவில்லை.

"ஒன் மகதான் 'வெளியேறினார்'னு எல்லாரும் பாக்கப் போட்டுட்டுப் போயிட்டாளே. அத்துக்கிட்டுப் போனவளுக்கு எம்மகன் மடி எதுக்கு?"

"பெரியம்மா, அது ஆப்பே போடுறது. நான் ஆப்ப விட்டுத்தான் போனேன், ஒங்கள விட்டுப் போகல."

"அந்த ஆப்புக்குள்ள யாருடி இருந்தா? நாங்கதானே இருந்தோம்!"

எனக்குச் சிரிப்பு முட்டியது. காபியைக் குடித்துச் சமாளித்தேன். புது ஆப் நல்ல ஆப்தான், படமெல்லாம் பளிச்சென்று வரும். ஆனால் எங்கள் நல்லது கெட்டது அங்கே வந்து சேர்வதில்லை. ஒருத்தி நகர்ந்தால், நகர்ந்தது அந்த ஒருத்திதான்; சொந்தமெல்லாம் பழைய இடத்திலேயேதான் இருக்கும்.

"மறுபடி சேத்து விடுங்க பெரியம்மா" என்றாள் மகள்.

"அட்மின் யாருன்னு தெரியும்ல?" அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, போனை எட்டப் பிடித்து விரலால் தேடினாள். மகளின் போன் டிங் என்றது. அதைக் காதால் கேட்ட பிறகுதான் அக்கா தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள்.

காதுகுத்தன்று பேத்தி தாய்மாமன் மடியில் வீறிட்டு அழுதாள். மகள் அதைப் படம்பிடித்து முதலில் போட்டது எங்கள் குரூப்பில்தான். பந்தி முடிவதற்குள் ரோஜாவாக வந்து குவிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவும் ஒன்று அனுப்பினாள்.

"இங்கிட்டுத்தானே இருக்கேன், நேர்ல சொல்லக் கூடாதா பெரியம்மா?"

"நாலு பேரு பாக்க வேணாமா? ஒன் மகளுக்கும் ஒரு போன வாங்கிக் குடு, அவளையும் சேத்துவிட்டுர்றேன்."