பதினாலாம் பக்கம்

எங்கள் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பதினாலு' என்றால்தான் தெரியும். பருவநிலையைக் காக்க இளைஞர்களைத் தயார்செய்யும் அரசுத் திட்டம் எங்களுடையது. தயார்செய்வது என்றால் ஆளுக்கொரு பச்சை பனியன், பச்சைத் தொப்பி, ஒரு கையேடு, கடைசியில் குழு போட்டோ. நான் அங்கே தட்டச்சர். மற்றவர்கள் எழுத்தில் விட்டுப்போன ஒற்றுகளைப் போட்டுக் கொடுப்பதுதான் நாட்டுக்கு நான் செய்யும் சேவை.

அவள் எட்டு வருஷம் பிஸ்கட் கம்பெனியில் பெட்டி ஒட்டியவள். மரங்களுக்கு நடுவே வேலை பார்க்க வேண்டும், வனக்காவலர் ஆக வேண்டும் என்று ஆசை. அதற்கு எங்கள் சான்றிதழ் வேண்டும். வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். நூறு கன்று நட்டு, சோதனையின்போது குறைந்தது எண்பது உயிரோடு இருந்தால் சான்றிதழ்.

கையேட்டை முழுதாகப் படித்த ஒரே ஆளும் அவள்தான். இரண்டாம் நாளே வகுப்பில் எழுந்து நின்றாள்.

"சார், ஏரிக்கரையில நடச் சொல்லிக் குடுத்திருக்கிற இதே கன்னு, பதினாலாம் பக்கத்துல 'பிடுங்க வேண்டிய மரங்கள்'னு போட்டிருக்கே?"

பயிற்சியாளர் கையேட்டைப் புரட்டினார், மூடினார். "அது அப்புறம்மா. நாம இன்னும் ஆறாம் பக்கத்துலதான் இருக்கோம்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பட்டப்பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான்.

மற்றவர்கள் நட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவர்களுடைய கன்றுகள் மாதத்துக்குள் கருகின. இவள் மட்டும் தினமும் இரண்டு வாளி தூக்கினாள். வருஷ முடிவில் தொண்ணூற்றாறு மரங்கள் ஆள் உயரம் நின்றன. அடியில் புல் முளைக்கவில்லை. கரையோரக் கோரை பட்டுப்போனது. அதில் கூடு கட்டும் நீர்க்கோழிகள் எதிர்க்கரைக்குப் போய்விட்டன. அதையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்தாள், பைத்தியக்காரி.

இதற்கிடையில் அடுத்த அறையில் இன்னொரு திட்டம் தொடங்கியது: இயற்கைப் பாதுகாப்பு அணி. அதே கையேடு. அவர்கள் நேரே பதினாலாம் பக்கத்தில் ஆரம்பித்தார்கள். முதல் வேலை, ஏரிக்கரையில் அந்த மரங்களை வேரோடு பிடுங்குவது. ஒரே அதிகாரிதான் இரண்டு கோப்பிலும் கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் படிப்பதில்லை, பேனா மட்டும் நல்ல பேனா.

பிடுங்கும் அணியில் அவளுடைய தம்பி இருந்தான். வீட்டில் நடந்ததை அவன்தான் என்னிடம் சொன்னான்.

"அக்கா, உன் சோதனை முடியட்டும். நான் முதுகுவலின்னு லீவு போட்டுடறேன்."

"மூணு தடவை தள்ளிப் போட்டாச்சு, எப்ப வருவாங்கன்னே தெரியல. காய் முத்திருச்சுடா. மழை வந்தா விதை ஏரி பூரா போயிடும்."

"உனக்குக் கிடைக்கவேண்டிய வேலை போயிடும்கா!"

"தெரியும். கடப்பாரையை எடு."

இரண்டு நாளில் தொண்ணூற்றாறையும் அக்காவும் தம்பியும் சேர்ந்து சாய்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் அழுதாள் என்றான். நான் நம்புகிறேன்.

மறுவாரம் சோதனை என்று கடிதம் வந்தது. அதிகாரி அவளைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "குழியில நிறுத்திக் கயித்தால கட்டிடும்மா. ஒரு போட்டோ போதும், சர்டிபிகேட் போட்டுடலாம்."

"பிடுங்கினதை மறுபடி நடமாட்டேன் சார்."

அவளிடம் படிவத்தைத் தள்ளினார். 'கன்றுகள் அழிந்த காரணம்' என்ற இடத்தில் அவள் 'பதினாலாம் பக்கம்' என்று எழுதிக் கொடுத்தாள். அதைப் படித்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. நடச் சொன்ன உத்தரவிலும் இருப்பது அவர் கையெழுத்துதானே. அடித்துவிட்டு, மேலே வேறு இரண்டு வார்த்தை எழுதி என் மேஜைக்கு அனுப்பினார்.

அவள் என் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள். வாளி தூக்கிக் காய்த்த கைகள் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தன. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதிகாரி எழுதியிருந்தது: 'பராமரிப்பு குறைவு'. நடுவில் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டுத் தட்டச்சு செய்தேன்.