ரேங்க் கேட்கும் மேசை

"சி.இ.டி.ல உன் ரேங்க் என்ன?" என்று புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் எங்கள் டீம் லீடர் கேட்டபோதுதான், நாமும் ஒரு கேள்வி கேட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் சிறிய மென்பொருள் கம்பெனியில் இது வழக்கம். புதியவரை முதல் நாள் மதியம் பெங்களூர் அல்சூரில் ஓர் ஆந்திரா மெஸ்ஸுக்கு அழைத்துப் போவோம். சாப்பாடு பாதியில் இருக்கும்போது, பொறியியல் நுழைவுத் தேர்வில் என்ன ரேங்க், எந்தக் காலேஜ் என்று பேச்சு வரும். ஜாதியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அவ்வளவு நாகரிகமானவர்கள் நாங்கள். அந்த இரண்டு பதிலும் போதும், யார் இடஒதுக்கீட்டுக் கோட்டாவில் படித்தவர் என்று மேசை முழுக்கத் தெரிந்துவிடும்.

அவள் சொன்னாள்.

"அந்த ரேங்க்குக்கு அந்தக் காலேஜா? லக்கிம்மா நீ!" என்றார் லீடர். பரம்பரையாக மல்லேஸ்வரத்தில் வாழும் தமிழர். "தப்பா எடுத்துக்காதே. மொதல்ல டெஸ்டிங்ல இரு. கோடிங்லாம் அப்புறம் பாக்கலாம்."

அவளை எடுத்ததே கோடிங்குக்குத்தான். தனியார் கம்பெனியில் கோட்டாவும் கிடையாது. எங்கள் கம்பெனித் தேர்வை எழுதி வென்று வந்தவள். ரேங்க் மட்டும் பின்னாலேயே வந்துவிட்டது. பருப்பைப் பிசைந்த அவள் கை அப்படியே நின்றது.

"என் ரேங்க் இவளவிட மோசம் சார்," என்றேன். "வீடு ஜீவனஹள்ளி. எஸ்.சி. கோட்டா. நம்ம பில்லிங் மாட்யூல் யாரு எழுதினது?"

"உன்ன யாரும்மா சொன்னா? நீ எக்ஸெப்ஷன்."

"சரி, இங்க ரெஃபரல்ல வந்தவங்க கை தூக்குங்க."

உள்ளே இருப்பவர் சிபாரிசு செய்து வேலைக்கு வருவதுதான் ரெஃபரல். ஒரு கையும் எழவில்லை.

"கையெல்லாம் நெய்யா இருக்கு, எப்படித் தூக்கறது?" என்றான் எனக்குப் பக்கத்தில் இருந்தவன்.

"உன்ன இங்க சேத்து விட்டது யாரு குரு?" என்று அவனைக் கேட்டேன்.

"சித்தப்பா," என்று லீடரையே காட்டினான். மேசையே சிரித்தது, லீடரைத் தவிர.

"அது வேற, இது வேற. ரெஃபரல்னா நம்பிக்கைம்மா."

"எங்கள நம்புறதுக்கு உள்ள எங்க சித்தப்பா யாரும் இல்லையே சார். அதுக்குத்தான் கோட்டா."

பதிலுக்கு அவர் மோர் கேட்டார். டெஸ்டிங் முடிவை மட்டும் மாற்றவில்லை.

திரும்பி நடக்கையில் அவள், "எனக்காகச் சண்ட வேணாம்க்கா," என்றாள்.

"எனக்காகவும்தான். கம்பெனித் தேர்வுல நீ எழுதின கோடிங்க நான் எல்லாருக்கும் காட்டலாமா?"

கொஞ்சம் யோசித்தாள். "காட்டுங்க. நல்லாத்தான் எழுதிருக்கேன்."

திங்கட்கிழமை மீட்டிங்கில் அதைத் திரையில் போடப்போகிறேன். கூடவே அதே தேர்வுக்கு, வேலையில் சேரும்போது நாங்கள் ஒவ்வொருவரும் எழுதி ஃபைலில் இருப்பதையும், லீடர் எழுதியது உட்பட. பெயர் எதிலும் இருக்காது. எது கோட்டா, எது தகுதி என்று அவரே பிரித்துக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால், அங்கேயே, எல்லார் முன்னாலும், அவளுக்குக் கோடிங் வேலையைக் கேட்பேன்.