தகர டப்பாவில் இருந்த முகங்கள்

தாம்பரத்தில் ஒரு உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு விநோதச் செய்தி தேடித் திரிந்த காலம் அது. பெருங்களத்தூர் சந்தையில் மீன் விற்கும் ஒரு அக்கா, பழைய பேப்பரில் மீனை மடிக்கும் முன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். கண்ணீர் அஞ்சலிப் படம் இருந்தால் அதை மட்டும் கிழித்து ஒரு தகர டப்பாவில் போடுவார். மூன்று நாள் வேடிக்கை பார்த்தேன். அதற்கு மேல் பொறுக்க முடியாமல், பத்திரிகைக்காரன் என்று சொல்லிக் கேட்டேன்.

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"என் வூட்டுக்காரரு கடலுக்குப் போனவரு திரும்பல சார். பேப்பர்ல படம் வந்திச்சு. பத்து நாள் கழிச்சு, பக்கத்துக் கடையில அந்தப் படத்துலயே நெத்திலி மடிச்சுக் குடுக்குறாங்க." கையிலிருந்த படத்தை டப்பாவில் போட்டார். "எழுதிக்கோ. என் படம் மட்டும் போடாத."

"சத்தியமா போட மாட்டேன்க்கா."

ஆனால் படம் இல்லாத செய்தியை யார் படிப்பார்கள்? தள்ளி நின்று, அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டுவிட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

அடுத்த வாரம் போனேன். அக்கா கத்தவில்லை. டப்பாவைத் திறந்து காட்டினார். முன்பின் தெரியாத அத்தனை செத்தவர்களுக்கும் மேலே அவருடைய படம்.

"இன்னா சார், உசுரோட கீறப்பவே என்னியும் இங்க சேத்துட்டியே?"

அரைக் கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் பிரித்தால், அது என் கட்டுரை வந்த பக்கம். படம் இருந்த இடம் ஓட்டை. அதன் கீழே என் பெயர் மீன் ரத்தத்தில் ஊறிக் கிடந்தது.

வேண்டுமென்றே மடித்தாரா, கைக்கு வந்ததை எடுத்தாரா? ஊரில் எல்லோரையும் துருவித் துருவிக் கேட்ட எனக்கு, அதை மட்டும் கேட்க வாய் வரவில்லை.