எஸ்தர் அக்கா எதிர்த்த விளம்பரம்

கோவை விமான நிலையத்துக்கு வண்டி அனுப்ப டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது எஸ்தர் அக்காவின் விருந்தினர் விடுதியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியது அங்கே சமையல் செய்யும் செல்வி. "அண்ணா, அக்கா எந்திரிக்கவே இல்லீங்ணா. டாக்டரு வந்து பாத்துட்டு அவ்வளவுதான்னுட்டாருங்ணா." அழுகையை விழுங்கிக்கொண்டு அடுத்து ஒன்று கேட்டாள். "விருந்தாளிங்க மேசைல வந்து உக்காந்துட்டாங்க. இட்லி வெக்கட்டுங்களா, வேண்டாங்களா?" வை என்றேன். அக்கா இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

பல்லடம் சாலையில் இருக்கும் அந்த விடுதியில் தங்கியவர்கள், அவரிடம் வேலை பார்த்தவர்கள், எங்கள் ஹோட்டல், டிராவல்ஸ் சங்கக் கூட்டங்களில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவருடைய சமையலைப் பற்றியும் கோபத்தைப் பற்றியும் நீங்களே நிறையச் சொல்வீர்கள். அவருக்கும் எனக்கும் நடந்த ஒரு வாக்குவாதத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். அது முடியவில்லை. ஒரு தரப்பு போய்விட்டது.

எஸ்தர் அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கணவரோடு பனியன் கம்பெனி வேலைக்கு இங்கே வந்தார். கணவர் சீக்கிரம் இறந்துவிட்டார். ஏற்றுமதி நிறுவனமொன்றில் வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வரும் பையர்களைக் கவனிக்கும் பொறுப்பில் பல வருடம் இருந்துவிட்டு, அவர்களுக்கென்றே சொந்தமாக விடுதி தொடங்கினார். இத்தனை வருடம் இங்கே இருந்தும் எங்கள் ஊர்ப் பேச்சு அவர் நாக்கில் ஒட்டவே இல்லை. வேண்டுமென்றேதான் ஒட்டவிடவில்லை என்று நினைக்கிறேன். "உங்க ஊர்க்காரவ ஒரு ஆளை 'ங்க' போட்டே வாசலுக்கு அனுப்பிருவிய, அண்ணாச்சி. அனுப்புனதே அவனுக்குத் தெரியாது" என்பார். நான் டிராவல்ஸ் நடத்துகிறவன், இந்த மண்ணிலேயே பிறந்தவன். எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் சுருக்கென்றும் இருக்கும்.

அவர் சொன்னதை ஒருநாள் நேரிலேயே பார்த்தேன். ஐரோப்பாவில் ஒரு நகரத்தின் சுற்றுலா அலுவலகம் இங்கே டி-ஷர்ட் ஆர்டர் கொடுத்திருந்தது. ஆணை விரும்பும் ஆண்களையும் பெண்ணை விரும்பும் பெண்களையும் தங்கள் ஊருக்குச் சுற்றுலா வரும்படி அழைக்கும் விளம்பரத்துக்கான சட்டைகள். முதலிபாளையத்துப் பிரிண்டிங் யூனிட்டில் வானவில் நிறத்தில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பையர் கொடுக்கும் வாசகத்தை யார் வாசிக்கிறார்கள்? வேலையைப் பார்க்க அந்த அலுவலகத்திலிருந்து மார்த்தா என்ற பெண்மணி வந்தார். கூடவே இன்னொரு பெண். இருவரையும் என் வண்டியில் ஹோட்டலுக்கு நானே அழைத்துப் போனேன். வரவேற்பில் இருந்தவர் சும்மா பேச்சுக்கு, "சிஸ்டருங்களா மேடம்?" என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து கேட்டார். மார்த்தா சிரித்துக்கொண்டே, "இல்லை, என் மனைவி" என்றார்.

அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை, குரலும் மாறவில்லை. உள்ளே போய் மேலாளரிடம் பேசிவிட்டு வந்து, "மன்னிச்சுக்குங்க மேடம், ரூமெல்லாம் புல்லாயிடுச்சுங்க" என்றார். பதிவு செய்த அறை எப்படி நிறையும் என்று நான் கேட்டதற்கு, "தப்பா நெனைக்காதீங்க சார்" என்று கைகூப்பினார்.

அங்கிருந்து அவர்களை எஸ்தர் அக்காவிடம் கூட்டிப் போனேன். நடந்ததைத் தனியாகச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அதுவும் அவர்களிடம்: "ஒரே கட்டிலா, ரெண்டு கட்டிலா?" ஒரே கட்டில் என்றார்கள். சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, மீன் சாப்பிடுவார்களா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் அக்கா மார்த்தாவிடம், உங்கள் ஊர் ஆணும் ஆணுமாக, பெண்ணும் பெண்ணுமாக வருகிறவர்களை எதற்காகக் கூப்பிடுகிறது என்று கேட்டார். மார்த்தா ஒளிக்காமல் பதில் சொன்னார். இரண்டு சம்பளம், பெரும்பாலும் பிள்ளைகள் இல்லை, ஊர் சுற்றுகிறார்கள், நன்றாகச் செலவழிக்கிறார்கள் என்று நகர சபையில் எடுத்துச் சொன்ன பிறகுதான் அனுமதி கிடைத்ததாம். "நியாயம் பேசியிருந்தால் இன்னும் பேசிக்கொண்டேதான் இருந்திருப்போம்" என்றார் அவர். அக்கா அவர் தட்டில் இன்னொரு மீனை வைத்தார். பிறகு, "செலவழிக்க வக்கில்லாத ஒருத்தி வந்தா?" என்று கேட்டார். கூட வந்திருந்த பெண்தான், "எங்கள் ஊரிலேயே அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்றார்.

பிறகு சில வருடங்கள் இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. இந்த வருடம், 2009 ஜூலையில், தில்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஒருபால் உறவு இனிக் குற்றம் இல்லை என்று ஆனதும் எனக்கு ஒரு வேகம் வந்தது. எங்கள் ஊர் ஹோட்டல்காரர்களும் டிராவல்ஸ்காரர்களும் சேர்ந்த சிறிய சங்கம் வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஒரு கையேடும் இணைய விளம்பரமும் தயாரித்துக்கொண்டிருந்தது. அதில் ஒருபால் ஈர்ப்புடைய பயணிகளையும் வரவேற்கிறோம் என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். இங்கே வேலையாக வரும் பையர்களும் டிசைனர்களும் பாதிப் பேர் கோவையில் தங்கிக்கொண்டு தினம் வந்து போகிறார்கள். இங்கே நிம்மதியாக இருக்கலாம் என்று தெரிந்தால் தங்குவார்கள், இங்கிருந்தே ஊட்டிக்கும் வால்பாறைக்கும் போவார்கள் என்பது என் வாதம்.

சிலர் குனிந்து சிரித்தார்கள். "இங்க வந்து பாக்கறதுக்கு என்னங்க இருக்குது, பனியனா?" என்றார் ஒருவர். தலைவர் தயங்கித் தயங்கி, "ஊரு பேரு என்னாகறதுங்க?" என்றார். அக்கா எனக்காகப் பேசுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்தார்.

"ஊர் பேருக்கு ஒண்ணும் ஆவாது. ஆத்துல விட்ட சாயத்தண்ணில போகாத பேரா இதுல போயிரும்?" என்று முதலில் தலைவரை உட்கார வைத்தார். அடுத்து என் பக்கம் திரும்பினார். "ஆனா அண்ணாச்சி, இது வேண்டாம். ரெண்டு ஆம்பளை ஒரே ரூம்ல தங்கினா இந்த ஊர்ல எவன் கேக்கான்? யாவாரத்துக்கு வாரவ எல்லாரும் அப்படித்தான் தங்குதாவ. புருஷன் பொண்டாட்டியத்தான் தாலி எங்கன்னு பாக்கானுவ. யாரும் பாக்காததால ஒதுங்க ஒரு எடம் இருக்கு. நீங்க போர்டு வச்சா, பாக்காதவனும் பாக்க ஆரம்பிப்பான். நீங்க கூப்பிடுதது வெள்ளைக்காரவள. மாட்டிக்கிடுதது நம்ம பிள்ளைக."

"யாரும் பாக்காத வரைக்கும்தான் எடமுன்னா, அது எடமுங்களாக்கா?" என்றேன்.

"எடந்தான். சின்ன எடம்" என்றார்.

முடிவெடுக்காமல் கூட்டம் கலைந்தது. அக்கா கிளம்பும் முன் ஒன்று சொன்னார்: "முதல்ல ரிசப்சன்ல நிக்கிற பிள்ளைகள எங்கிட்ட ஒருநாள் அனுப்புங்க. பெறவு விளம்பரம் பேசலாம்." மிகச் சில ஹோட்டல்களே ஆள் அனுப்பின. அவருடைய சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களை உட்கார வைத்து, நானும் அங்கே இருந்தபோது, அவர் எடுத்த பாடம் மிகச் சின்னது. யார் என்ன உறவு என்று கேட்காதே. கட்டில் ஒன்றா இரண்டா என்பதை மட்டும் கேள், வருகிற எல்லோரிடமும் ஒரே மாதிரி கேள். பேருந்து நிலையம் பக்கத்து லாட்ஜிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர், "பாரீன்காரங்க சரிங்கக்கா. நம்மூர்க்காரங்களே வந்தா?" என்றார். அக்கா அவரைப் பார்த்து, "அவியளுக்காகத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கேன்" என்றார்.

அது சீக்கிரமே நடந்தது. சாயப்பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரிய குடும்பத்துப் பையன், வேலம்பாளையத்தில் டெய்லராக இருக்கும் நண்பனோடு வீட்டைவிட்டு வெளியேறினான். வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியதும் இவன் உண்மையைச் சொல்லிவிட்டான். இருவரும் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அப்பாவைத் தெரிந்தவர்கள். "அப்பாவுக்குத் தெரியுங்களா தம்பி?" என்று கேட்டே அனுப்பிவிட்டார்கள். கடைசியில் போன லாட்ஜில் அன்று பாடம் கேட்ட அந்த இளைஞர் வேலையில் இருந்தார். அங்கே அறை கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. எஸ்தர் அக்காவின் விலாசத்தைக் கொடுத்தார்.

மறுநாள் மதியம், யார் மூலமோ விஷயம் தெரிந்து, பையனின் தந்தை என்னைக் கூப்பிட்டார். எங்களுக்குத் தூரத்து உறவு. "மாப்ளே, அந்தம்மா நீ சொன்னாத்தான் கேக்குமாமா. பையனை வெளிய அனுப்பச் சொல்லு" என்றார். நான் போனை வைத்துவிட்டு விடுதிக்குப் போனேன். எனக்கு முன்பே இரண்டு காரில் அவர்கள் வந்திருந்தார்கள். அக்கா வாசலில் நாற்காலிகள் போட்டு, எல்லோருக்கும் டீ கொடுக்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். வழியை அடைத்து நிற்கிறார் என்று சொல்ல முடியாது. ஆனால் அவரைத் தள்ளாமல் யாரும் உள்ளே போகவும் முடியாது. நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எம்பையன் உள்ள இருக்கானுங்களா?" என்று கேட்டார் தந்தை.

"உள்ள யாரு இருக்காவன்னு நான் யாருக்கும் சொல்லுததில்ல. நாளைக்கு நீங்களே வந்து தங்கி, உங்க வீட்டம்மா தேடி வந்தாலும் சொல்ல மாட்டேன்."

வந்தவர்களில் ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். இன்னொருவர் எகிறினார். இந்த ஊரில் தொழில் பண்ண முடியாது, ஒரு பையர்கூட இந்த வாசலுக்கு வரமாட்டான் என்றார். அக்கா பார்த்துக்கொண்டிருந்தது தந்தையை மட்டும். தந்தை டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். தரையைப் பார்த்தபடி, "அவன் சாப்புட்டானான்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

"என் வீட்டுல யாரையும் நான் பட்டினி போடுததில்ல" என்றார் அக்கா. பிறகு செல்வியிடம், அவருக்கு வேறு சூடான டீ கொண்டுவரச் சொன்னார்.

அவர்கள் போய்விட்டார்கள். பையன் நண்பனோடு பெங்களூர் போய் வேலை தேடிக்கொண்டான். அம்மாவோடு போனில் பேசுகிறானாம், அப்பாவோடு இன்னும் இல்லை. எகிறியவர் சொன்னதும் பாதி நடந்தது. அந்தக் குடும்பத்தின் சொந்தக்காரக் கம்பெனிகள் விருந்தாளிகளை அனுப்புவதை நிறுத்தின. அக்கா மாடி அறைகளைப் பூட்டி வைக்க வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில்தான் எங்கள் வாக்குவாதம் உண்மையாக நடந்தது. "பாத்தீயளா அண்ணாச்சி, மார்த்தாவுக்கு ரூம் குடுத்தப்ப எவனும் கார் எடுத்துட்டு வரல" என்றார் அவர். அவர் சொன்னது சரி. ஆனால் நான் விடவில்லை. "அந்த லாட்ஜ்ல அன்னிக்கு வேற ஆளு இருந்திருந்தா? அந்தப் பசங்க எங்க போயிருப்பாங்க? எங்கயாவது எழுதி இருந்திருந்தா நேரா வந்திருப்பாங்கல்லங்க. விளம்பரங்கிறது காசு இருக்கிறவனைக் கூப்பிட மட்டும் இல்லீங்கக்கா. வழி தெரியாதவனுக்கும் அதுதான் வழி" என்றேன். அவர் கோபமாக எழுந்து உள்ளே போய்விட்டார். அவரிடம் நான் வென்ற ஒரே தருணம் அதுவாக இருக்கலாம். வென்றது போலவே இல்லை.

அடுத்த வாரம் தன் விடுதியின் இணையப் பக்கத்தை வடிவமைப்பவரை வரச்சொல்லி, என்னையும் கூப்பிட்டார். ஒரு வரி சேர்க்க வேண்டும், முதலில் தமிழில், அதற்குக் கீழேதான் ஆங்கிலத்தில். தமிழில் இதற்கு என்ன சொல் போடுவது என்று நாங்கள் மூவரும் திண்டாடினோம். செய்தித்தாள் போடும் 'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. "பேர் சொன்னா, தேடுதப்ப அதை டைப் பண்ணவே அந்தப் பிள்ளைகளுக்குப் பயமா இருக்கும்" என்றார். பேர் சொல்லாவிட்டால் யாருக்கென்று எப்படித் தெரியும் என்றேன் நான். கடைசியில் அவரே சொல்லச் சொல்ல எழுதியது: "ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும், யார் யாரோடு வந்தாலும் இங்கே அறை உண்டு. கேள்வி இல்லை." இதைத் தமிழில் யார் தேடப்போகிறார்கள் என்றார் வடிவமைப்பவர். "தேவைப்படுதவன் தேடுவான். நீ எழுது" என்றார் அக்கா.

ஆனாலும் சங்கத்தின் விளம்பரத்துக்கு அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. "என் வீட்டுக்கு நான் பொறுப்பு. நான் நிப்பேன். ஊர் பேரால கூப்பிட்டா யாரு நிப்பா?" என்பதுதான் அவருடைய கடைசிக் கேள்வி. ஒரு ஊர் ஒருவரை வரவேற்பது என்றால் என்ன என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. இப்போதும் விளம்பரம் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். பொறுப்பேற்க ஆள் வரட்டும் என்று காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள், கூப்பிட்டுவிட்டால் சிலராவது வெட்கப்பட்டு எழுந்து நிற்பார்கள் என்பது என் நம்பிக்கை. அவருக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவர் நிலைப்படியில் நின்று பார்த்தவர், நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன்.

அடுத்த மாதம் சங்கக் கூட்டம். அந்த வரி மறுபடி பேச்சுக்கு வருகிறது. இந்தமுறை எதிர்ப்பவர்கள் ஊர்ப் பேரை மட்டும்தான் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக எதிர்க்க ஒருவரும் இல்லை. எஸ்தர் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் தரப்பைத்தான். கூட்டத்தில் நான் எழுந்ததும் முதலில் அதைச் சொல்வேன், அவர் சொன்ன மாதிரியே, ஒரு 'ங்க'கூடப் போடாமல். என்னுடையதைச் சொல்வது அதற்குப் பிறகுதான்.